மூன்றாவது கியர் அரைக்கிறதா? பாக்ஸை இறக்கும் முன் கிளட்சைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான், தம்பி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2011 நிசான் 370இசட், ஆறு கியர் மேனுவல், 62,000 கிலோமீட்டர் ஓடியது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுத்து இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்த பிறகு அதிகமாகிவிட்டது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சாயங்காலம் சென்னை ஓஎம்ஆர் ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்ததும், பார்க்கிங்கில் ரிவர்ஸ் போடும்போதும் சில நாள் அரைக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பாக்ஸைப் பிரித்து எல்லா சிங்க்ரோவையும் (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்துகிற ரிங்குகள்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ரிவர்ஸ் வரியில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவது கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் காரில், கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் ரிவர்ஸ் அரைக்கிறது என்றால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் புது சிங்க்ரோ போட்டால், அந்தப் புதுசையும் அது தின்றுவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, உள்ளே நடப்பதை ஒரு நிமிடம் பார்க்கலாம். கியர் பாக்ஸுக்குள் எல்லா முன் கியர்களும் எப்போதும் ஒன்றோடு ஒன்று பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. நீங்கள் லீவரைத் தள்ளும்போது கியர் நகர்வதில்லை, ஸ்லீவ் என்ற வளையம்தான் நகர்கிறது. அது கியரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பற்களில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்லீவ் ஒரு வேகத்திலும் கியர் வேறு வேகத்திலும் சுற்றினால் பல்லும் பல்லும் உரசும். அந்தச் சத்தம்தான் உங்கள் காதில் விழுவது. இதைத் தடுக்க நடுவில் ஒரு ரிங் இருக்கிறது, அதுதான் சிங்க்ரோ. அதன் உட்பக்கம் கூம்பு மாதிரி சரிந்து, மெல்லிய வரிகள் போட்டிருக்கும். ஸ்லீவ் தள்ளியதும் அந்த ரிங் கியரின் கூம்பில் போய் அழுந்தி, ஒரு சின்ன பிரேக் போல, வேகத்தைச் சமப்படுத்தும். சமமாகும் வரை ஸ்லீவுக்கு வழி விடாது. சமமான பிறகுதான் ‘டக்’ என்று கியர் விழும்.

இந்தக் குட்டி பிரேக்கால் எவ்வளவு சுமையைத் தாங்க முடியும்? கிளட்ச் சரியாக விடுபட்டிருந்தால், அது நிறுத்த வேண்டியது கிளட்ச் பிளேட்டையும், எஞ்சினின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டையும் அதனோடு கோத்த கியர்களையும் மட்டும்தான். கிளட்ச் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருந்தால், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். 3.7 லிட்டர் வி6 எஞ்சினோடு கையகல ரிங் ஒன்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது எப்படியோ சமாளித்துவிடும். 6,000 ஆர்பிஎம்மில் முடியாது. டிராக்கில் ஒரு நாள் முழுக்க அப்படி மல்லுக்கட்டியதில்தான் உங்கள் மூன்றாவது கியர் அடி வாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நேர்ப்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் ஓங்கிப் போட்டது அந்த கியரைத்தானே.

சரி, சோதனைகளுக்கு வருவோம். எல்லாமே காசு செலவில்லாதவை.

முதலில் குனிந்து கிளட்ச் பெடலுக்குக் கீழே பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். சில வருடம் முன்பு என்னிடம் ஒரு கார் வந்தது. வேறொரு இடத்தில் பாக்ஸைப் பிரித்து இரண்டு கியருக்கு சிங்க்ரோ மாற்றி, பெரிய பில்லும் கட்டியாயிற்று. ஆனாலும் அரைக்கிறது. நான் பெடலை மிதித்துப் பார்த்தேன், பாதம் ஏதோ மெத்தையில் போய் நிற்பது போல இருந்தது. கடைகளில் 7டி மேட் என்று விற்கிற தடித்த மேட் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதற்கும் கீழே பழைய ரப்பர் மேட் ஒன்று. இரண்டும் சேர்ந்து பெடலின் கடைசி இரண்டு விரல்கடை தூரத்தைத் தின்றுவிட்டன. இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு ஓட்டினோம், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அந்த வண்டிக்காரர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. பாக்ஸைப் பிரித்த கூலி வீண், புது ரிங்குகள் வீண். அன்றிலிருந்து யார் கியர் அரைக்கிறது என்று வந்தாலும் என் முதல் கேள்வி மேட்தான்.

மேட் சரியாக இருந்தால் அடுத்தது இது. வண்டியை ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள், உங்கள் பிரச்சினை சூட்டில்தானே வருகிறது. சமதளத்தில், முன்னும் பின்னும் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஐடிலில் இருக்கட்டும், லீவர் நியூட்ரலில். கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, மெதுவாக ரிவர்ஸுக்குத் தள்ளுங்கள். நல்ல கிளட்ச் என்றால் அந்தப் பத்து நொடிக்குள் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதெல்லாம் தானாக நின்றிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். பத்து எண்ணிய பிறகும் அரைத்தால் சந்தேகமே வேண்டாம், கிளட்ச் இழுக்கிறது, அதாவது மிதித்த பிறகும் முழுதாக விடுபடவில்லை. அப்புறம் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்து மிதித்து விட்டுவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இப்போது சுத்தமாக விழுந்தால், கோளாறு, பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக்கில்: காற்று ஏறியிருக்கிறது, அல்லது சீல் கசிகிறது. பம்ப் செய்தும் மாற்றமில்லை என்றால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், இன்புட் ஷாஃப்டின் முனையை எஞ்சின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங், இவற்றின் பக்கம் சந்தேகம் போக வேண்டும். பைலட் பேரிங் இறுகிப் போனால், கிளட்ச் எவ்வளவு அருமையாக விடுபட்டாலும் எஞ்சின் அந்த பேரிங் வழியாகவே இன்புட் ஷாஃப்டைச் சுற்றிவிடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. முதல் கியரில், கிளட்ச் தரையோடு மிதித்தபடி, எஞ்சினை 3,000 வரை ஏற்றுங்கள். வண்டி ஒரு சாண் நகர்ந்தாலும் கிளட்ச் இழுக்கிறது. கிளட்சை விடும்போது வண்டி எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். தரையை ஒட்டியே பிடித்தால் அதுவும் இதே கதைதான்.

உங்கள் காரில் இன்னொரு சோதனையும் செய்யலாம், எல்லாக் காரிலும் முடியாது. 370இசட்டில் லீவருக்குப் பக்கத்தில் ‘எஸ்’ பட்டன் இருக்கிறதே, கியரை இறக்கும்போது எஞ்சின் தானாக ரெவ் ஏற்றிக்கொள்ளுமே, அந்த வசதி. அது இருப்பதால் சிங்க்ரோ தேயாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அது தவறு. கிளட்ச் மிதித்திருக்கும்போது எஞ்சின் ரெவ் ஏறுவதால் உள்ளே இருக்கும் ஷாஃப்டுக்கு ஒரு உதவியும் கிடையாது, சிங்க்ரோ தன் வேலையைத் தானேதான் செய்ய வேண்டும். அப்படியானால் எஸ் பட்டன் போட்டாலும் போடாவிட்டாலும் கியர் விழுகிற சுகத்தில் வித்தியாசம் தெரியக்கூடாது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, பட்டன் போட்டால் வழுக்கிக்கொண்டு விழுந்து, அணைத்தால் முரண்டு பிடிக்கிறதா? எஞ்சின் வேகம் கிளட்சைத் தாண்டி உள்ளே போகிறது என்று அர்த்தம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனால் ரிவர்ஸ் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால் நல்ல சாட்சி.

கடைசியாக மூன்றாவது கியரை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும். அதே 5,000 ஆர்பிஎம்மில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலிருந்து நான்கு வேண்டாம், அந்த வேகத்தை நம் சாலையில் தொடக்கூடாது, டிராக்கில் எப்படி விழுந்தது என்று நினைவுபடுத்திக்கொண்டால் போதும். எல்லாமே கரடுமுரடாக இருந்தால் கிளட்ச் மட்டுமே காரணமாக இருக்கலாம். மற்றதெல்லாம் சுகமாக விழுந்து மூன்று மட்டும் அரைத்தால் அந்த ரிங் தேய்ந்திருக்கிறது. டபுள் டிக்ளட்ச் செய்தும் பாருங்கள்: மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு கணம், மறுபடி மிதித்து மூன்று. இதில் சுத்தமாக விழுந்தால் பற்களும், ஸ்லீவைத் தள்ளுகிற ஃபோர்க்கும் இன்னும் உருப்படியாக இருக்கின்றன, வேகத்தைச் சமப்படுத்துகிற வேலைதான் சரியாக நடக்கவில்லை. விழுந்த கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அது வேறு, அதைவிட மோசமான கோளாறு: பற்களின் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஃபோர்க் தேய்ந்திருக்கும்.

என் கணிப்பு, உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. கிளட்ச் இழுத்தது முதல் கோளாறு, மூன்றாவது சிங்க்ரோ தேய்ந்தது அதன் விளைவு. இந்தக் காருக்கு அப்படி வருவதில் ஆச்சரியமும் இல்லை. பெடலை மிதித்ததும் ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளி விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர். 370இசட்டில் அது வெளியே இல்லை. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள்ளே, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி மாலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் சூடு முழுவதும் அதன் மேல்தான். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அடிக்கடி புலம்புகிற பாகம் இது. சில பேருக்கு நடுரோட்டில் பெடல் தரைக்குப் போய் அப்படியே கிடந்துவிடும். நம் ஊரில் மே மாத வெயில், பெருங்குடி சிக்னலில் முக்கால் மணி நேரம் ஹாஃப் கிளட்ச். அதற்கு மேல் கிளட்ச் ஆயிலோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி இருந்தால் பெடல் மிதிப்பதில் பாதி வீண்.

அதனால் பானட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் கப்பைப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். டிகாக்‌ஷன் போலக் கறுத்திருந்தால் சீல் ரப்பர் தேய்ந்து அதில் கலக்கிறது. முழுக்கப் பிளீட் செய்து, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி, புது ஆயில் ஏற்றுங்கள், இரண்டு பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஒரு மாதத்துக்குள் மறுபடி கறுத்தால், அல்லது அளவு குறைந்துகொண்டே போனால், ஸ்லேவ் சிலிண்டர் விடைபெறும் நேரம் வந்துவிட்டது.

அடுத்து கியர் ஆயில். கெட்டி ஆயில் யோசனையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ரிங் கியரின் கூம்பைப் பிடிக்க வேண்டுமானால் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை அது முதலில் கிழித்துக்கொண்டு போக வேண்டும், அந்த வரிகள் அதற்காகத்தான். ஆயில் கெட்டியானால் கிழிக்க நேரம் ஆகும். பேரிங் சத்தத்தை வேண்டுமானால் கொஞ்ச நாள் மறைக்கும், அரைப்பதைத் தீர்க்காது. நிசான் இந்த பாக்ஸுக்குச் சொல்வது 75டபிள்யூ-85 என்ற கெட்டித்தன்மையில், ஜிஎல்-4 வகை ஆயில். ஜிஎல்-5 என்று எழுதிய டப்பாவை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் எளிதாக எடுத்துக் கொடுப்பார்கள், ‘அஞ்சு நாலைவிட உசத்தி சார்’ என்றும் சொல்வார்கள். உசத்தி இல்லை, அதன் வேலையே வேறு. ஜிஎல்-5, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கானது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். அதனால் பிடிக்க வேண்டிய ரிங் வழுக்கும், சூட்டில் பித்தளையை அரிக்கவும் வாய்ப்பு உண்டு. இதற்கு முன்பு வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே மாற்றிவிடுவதே நல்லது. ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும், நிரப்பும் துளையில் வழிகிற வரை ஊற்ற வேண்டும். ஒரு விஷயம்: மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு, பிறகுதான் வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். மேல் போல்ட் துருவேறி வராமல் போய், ஆயிலை வடித்தாகிவிட்டது என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் வையுங்கள். பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. தட்டை மெதுவாக ஆட்டினால், ஜிகினா தூவிய மாதிரி பொன்னிறத்தில் மினுமினுக்கிறதா? அது ரிங்கின் பித்தளை. கொஞ்சம் இருந்தால் வயதுக்கு இயல்பு, தட்டு முழுக்கத் தங்க ஆறாக ஓடினால் தேய்மானம் நிச்சயம். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம், துணியால் துடைத்துவிடலாம். அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருந்தால் கவலையில்லை. நறநறவென்றால், அல்லது நகம் வெட்டிப் போட்ட மாதிரி இரும்புச் சில் இருந்தால், பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நம் ஊரில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை கார்கள் மூழ்கின என்று எல்லோருக்கும் தெரியும். கியர் பாக்ஸின் மேலே காற்று போய்வர ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. சூடான பாக்ஸ் சில்லென்ற தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சீட்டையும் கார்பெட்டையும் காயவைத்து விற்றுவிடுகிறார்கள், பாக்ஸை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் பிளேட் முன்னும் பின்னும் நழுவும் ஷாஃப்ட் வரிப்பள்ளங்களில் (ஸ்ப்லைன்) துருப்பிடித்து, அதனாலேயே கிளட்ச் இழுப்பதும் உண்டு.

இரண்டு ஆயிலையும் மாற்றிவிட்டு 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். ரிவர்ஸ் சரியாகி, மூன்றாவது உயர் ரெவ்வில் மட்டும் லேசாக முனகினால், அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு, நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போடுகிற பழக்கமே பல வருடம் தாங்கும். டிராக்குக்கு மறுபடி போக வேண்டும் என்றால் பிரித்தே ஆக வேண்டும்.

பாக்ஸை இறக்குவது என்று முடிவானால், கிளட்ச் வேலையையும் அதோடு சேர்த்து முடியுங்கள். இறக்கி ஏற்றுகிற கூலி ஒன்றுதான். ஸ்லேவ் சிலிண்டர், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சின் பின் சீல், பிளேட், பிரஷர் பிளேட். ஃப்ளைவீல் இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ஸ்பிரிங் வைத்த வகை என்பதால் ஆட்டம் அதிகமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லேவ் சிலிண்டருக்கு அலுமினிய உடம்போடு மாற்றுப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்கின்றன. இந்த வெயிலுக்கு நான் அதைத்தான் போடுவேன். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எத்தனையோ வண்டியின் பாக்ஸ் கிடைக்கும், ஆனால் இந்தக் காருடையது கிடைக்கும் என்று நம்பி அங்கே தேடி அலைய வேண்டாம். பாகங்களை முதலில் வரவழைத்துக் கையில் வைத்துக்கொண்டு பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் கார் மாதக்கணக்கில் ராம்ப்பில் தொங்கும். பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கார்பன் ஃபைபர். அதைக் கம்பி போட்டு நெம்புவதோ ஒரு முனையில் தொங்கவிடுவதோ கூடாது. கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டு, அதே நிலையில் திரும்ப மாட்ட வேண்டும்.

பிரிக்கிற இடம் முக்கியம். ரோட்டோரத் தூசியில் கியர் பாக்ஸைத் திறக்கக்கூடாது. பேரிங்கை பிரஸ்ஸில்தான் கழற்ற வேண்டும், அலுமினியக் கேஸில் உளி வைத்துத் தட்டுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். ரிங்கைக் கியர் கூம்பில் வைத்து அழுத்தி, இரண்டுக்கும் நடுவிலான இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் மூன்று நான்கு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ரிங் தேயத் தேய அது கூம்பின் மேல் இன்னும் ஆழமாக ஏறும், இடைவெளி குறையும். எல்லை அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. அழுத்தித் திருகினால் ரிங் கவ்விக்கொள்ள வேண்டும், வழுக்கினால் ஆயுள் முடிந்தது.

நான் எப்போதும் நேரம் எடுத்துப் பார்ப்பது ஸ்லீவின் பற்களை. ஜன்னல் ஓரம் கொண்டுபோய், லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். நல்ல பல்லின் முனை அப்போதுதான் சீவிய பென்சில் மாதிரி இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்து கூராக இருக்கும். அரைத்து அரைத்து ஓடிய பல் குழந்தை கடித்த பென்சில் போல மழுங்கி, ஓரத்தில் பிசிறு எழும்பியிருக்கும். அந்த நிலையில் ரிங் மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்பி வருவீர்கள். ஸ்லீவ், அது ஏறி நகர்கிற ஹப், மூன்றாவது கியர், மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரிங்குகள் அடுக்கடுக்காக வரும் இடத்தில் அடுக்கு முழுவதையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது மிச்சம் பிடிப்பது ஆகாது. ஹப்பை எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே போட வேண்டும், ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திருப்பிப் போட்டுவிட்டால் எல்லாம் புதுசாக இருந்தும் அதே சத்தம் வரும்.

மூடிய பிறகு 1,000 கிலோமீட்டர் வரை ரெவ்வை ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை ஒரு முறை மாற்றிவிடுங்கள். புது ரிங் படியும்போது உதிர்கிற தூள் அதோடு போய்விடும். சிக்னலில் லீவர் மேல் கையை ஊன்றி வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பாரம் நேராக ஃபோர்க்கில்தான் இறங்குகிறது.

இந்த சனிக்கிழமை மேட், ரிவர்ஸ் சோதனை, கிளட்ச் பிளீட், இந்த மூன்றை மட்டும் முடியுங்கள். பிளீட் செய்தபோது வந்த ஆயில் என்ன நிறம், பிளீட்டுக்கு முன்னும் பின்னும் பத்து எண்ணிய பிறகு ரிவர்ஸ் எப்படி விழுந்தது என்று எழுதுங்கள். கியர் ஆயிலை வடிக்கும்போது அதைக் கொட்டிவிடாமல், தட்டோடு வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிரிப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன்.